ரி.வி. அட்டைக்கான விசேட பொதுக்கூட்டம்

பாலசுந்தரத்தின் தங்கை அருந்ததியை ரி.வி.யில் கண்டதாக ரொறன்ரோவிலிருந்து ஒரு காலை தொலைபேசி வந்தது. கண்டவர் தூரத்து உறவில் மச்சினி முறை. வெளிநாட்டுத் தமிழ்ச் செய்மதி அலைவரிசை ஒன்றில், மாலைச் செய்தியின் முடிவில், வன்னியில் இடம்பெயர்ந்து நடந்துபோகும் சனங்களின் படத்தை ஒவ்வொரு நாளும் போடுகிறார்கள். அந்தச் சனத்துக்குள் அருந்ததி வருகிறாள் என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, அருந்ததி மாதிரி ஒருத்தி என்றார். பிறகு, "அத்தான், நீங்கள் பாத்தியளெண்டால் உடனை சொல்லிப்போடுவியள்" என்றார்.

அது யுத்தத்தின் கடைசி மாரிகாலம். வன்னிக்குப் போகும் பாதை பூட்டி இரண்டு வருடங்களுக்கு மேலாகியிருந்தது. அருந்ததியிடமிருந்து கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை, அவளைக் கண்டதாகச் சொல்ல ஆளும் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்ற ஒரு கேள்வியோடுதான் பாலசுந்தரம் வெள்ளவத்தையில் தன் ஃபிளாட்டின் இரண்டு அறைகளுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். அதற்கான பதில் ஒவ்வொரு மாலையும் தன் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருக்கிறது என்பது இப்போது தெரிந்தது. புதிய படம் கிடைத்தவுடன் பழையதை எடுத்துவிடுவார்கள் என்பதும் தெரிந்தது.

வெள்ளவத்தைக் கேபிள்காரர் அந்த அலைவரிசையை எப்போதோ நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்கப்போன பாலசுந்தரத்திடம் அவர், ஏன் என்று மேலிடத்தில் கேட்டால் கேட்டவரின் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். இணையத்தில் தேடினால் அந்த நிகழ்ச்சி இல்லை. மச்சினி படத்தைக் கசற்றில் பிடித்துத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டார். வன்னிப் படம் அடங்கிய கசற் ஒன்று தன் பெயருக்கு வந்து இறங்கும் காட்சியை பாலசுந்தரம் மனத்தில் ஓட்டிப் பார்த்தார். வேண்டாம் என்றார்.

மேல்மாடியில் ஒரு டிஷ்ஷைப் பூட்டி, கீழே ஒரு சாதாரண செய்மதிப் பெட்டியை ரி.வி.யோடு கொழுவியிருந்தால் அன்று மாலையே பார்த்திருக்கலாம். அப்படிச் செய்வதற்கு ஒரு சாதாரண மனிதராக இருந்திருக்கவேண்டும். பாலசுந்தரமோ கொழும்புத் தமிழ்ச் சுதந்திர மென்பொருள் மன்றத்தின் செயலாளர்.

மன்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சுதந்திரம் என்ற சொல்லை அந்த நாட்களில் வெள்ளவத்தையில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான். மென்பொருளுக்கு மட்டுமே கேட்கிறோம் என்று யாப்பின் முதற் பந்தியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த யாப்பு, தலைவர் சிவபாதசுந்தரம் முன்பு தலைமை வகித்த பழைய மாணவர் சங்கத்தின் யாப்பு. நகலெடுப்பது மன்றத்தின் உயிர்க்கொள்கை என்பதால் முழுவதையும் நகலெடுத்திருந்தார்கள். கிரிக்கெட் மைதான உருளையை யார் பொறுப்பேற்பது என்ற விதியும் அதில் இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் ஒருவரைத் தெரிவும் செய்தார்கள்.

மன்றத்தின் தொடக்க விழாவில் உறுப்பினர்கள் எல்லோரும் தங்கள் வீடுகளில் இருந்த கள்ள வின்டோஸ் தட்டுகளைக் கொண்டுவந்து, இனி எவரும் திறந்து பார்க்கவும் நகலெடுக்கவும் கூடிய லினக்ஸ் அன்றி வேறொன்றைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, காலால் மிதித்து உடைத்தார்கள். முதலில் மிதித்தவர் பாலசுந்தரம். புகைப்படத்தில் அவருடைய செருப்பு மிகவும் தெளிவாக விழுந்திருந்தது. அவருடைய மனைவி கௌரி சத்தியம் செய்யவில்லை. அந்த நேரம் அவள் விழாவுக்கு பற்றீஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே மன்றத்தின் செயலாளர் தன் தங்கையைப் பார்ப்பதென்றால் லினக்ஸில்தான் பார்க்கவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து உபதலைவர் கிளெமென்ற் ஒரு பழைய டிஷ்ஷும், கணினிக்குள் செருகும் ரி.வி. அட்டை ஒன்றும் கொண்டுவந்தார். கிளெமென்ற் துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் லிகிதர். மன்றத்தில் திருப்புளி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். டிஷ்ஷை மேல்மாடியில் பூட்டிவிட்டு வந்து அட்டையைச் செருக அவருக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது. அதை லினக்ஸுக்கு அறிமுகப்படுத்தும் ட்ரைவரை ஏற்றும் வேலை மட்டும் மிச்சம். அது மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றம் பாலசுந்தரம் வீட்டில் கூடியது. கணினிக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தேவாரம் பாடினார்கள், கிளெமென்றுக்காக ஒரு கிறிஸ்தவ ஜெபமும் சேர்க்கப்பட்டது. பின்னர் தலைவர் சிவபாதசுந்தரம் எழுந்து பேசினார்.

"எங்கடை மன்றம் தொடங்கின நாள் முதல் இண்டைவரைக்கும் ஒரு கணினியைத்தன்னும் நாங்கள் பழுதாக்கினதில்லை. என்ன காரணம்? தீர்மானம் நிறைவேறாமல் நாங்கள் ஒண்டையும் தொட்டதில்லை. தீர்மானம் நிறைவேறின பிறகும், பெரும்பாலும் தொட்டதில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். பாலசுந்தரமும் தட்டினார்.

யாப்பின்படி கட்டளைகளைத் தட்டும் உரிமை தலைவருக்குரியது. தலைவருக்குத் தட்டச்சுத் தெரியாது. ஆகவே அவர் சார்பில் செயலாளர் தட்டினார். ஒவ்வொரு கட்டளையும் ஒருவரால் முன்மொழியப்பட்டு இன்னொருவரால் வழிமொழியப்பட்ட பின்னரே தட்டப்பட்டது. ட்ரைவரை ஏற்றுவதற்கு நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். பாலசுந்தரத்தின் கணினிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது மன்றம் என்பதால், வங்கிக் காசோலைக்கு இருவர் ஒப்பமிடுவது போல, அந்தச் சொல்லின் முற்பாதி தலைவரிடமும் பிற்பாதி பொருளாளரிடமும் இருந்தன. பொருளாளர் கனடாவில் குடியேறிவிட்டார். அங்கே அவர் நித்திரையால் எழும்பும்வரை காத்திருந்து, தொலைபேசியில் பிற்பாதியைக் கேட்டுத் தட்டினார்கள். இரண்டு பாதிகளையும் தட்டியவர் பாலசுந்தரம். தட்டியதும் மறந்துவிடுவதாக அவர் முன்னரே எழுதி ஒப்பமிட்டிருந்தார். அவர் உண்மையாகவே மறந்தும் விடுவார். கந்தோர் வாழ்க்கையில் பழகிய ஒழுங்கு அது.

திரையில் கணினி பதில் சொன்னது. அட்டையைக் கண்டுகொண்டேன், ஆனால் அதை எழுப்புவதற்கு ஒரு சிறிய கோப்பு வேண்டும், அது இல்லை. அந்தக் கோப்பு அட்டையோடு வந்த வின்டோஸ் தட்டில் கிடந்தது. அட்டையைச் செய்த கம்பனி எழுதியது. அதற்குள் என்ன இருக்கிறதென்று அவர்கள் ஒருவருக்கும் காட்டுவதில்லை.

எவராலும் திறந்து பார்க்க முடியாத ஒரு கோப்பை, சத்தியம் செய்த கையால் சத்தியம் செய்த கணினிக்குள் போடலாமா?

இந்தக் கேள்வியைத் தீர்க்க மேலும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அட்டைக்குள் போய்விட்டால் அது மென்பொருள் அல்ல, இரும்பு என்றது ஒரு கட்சி. போகும் வழியெல்லாம் அது மென்பொருள்தானே என்றது மற்றக் கட்சி. உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. உபகுழுவின் அறிக்கையை ஆராய இன்னொன்று அமைக்கப்பட்டது. வானத்தில் ஒவ்வொரு மாலையும் சனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பாலசுந்தரம் ஒருநாள் துணிந்து எழுந்து, தலைவர் அவர்களே, தங்கச்சியின் விஷயம், படத்தை எந்த நாளும் நிறுத்திவிடலாம் என்றார்.

"பாலசுந்தரம், எனக்கு விளங்குது" என்றார் தலைவர். அவருடைய குரலில் உண்மையான பரிவு இருந்தது. "ஆனால் யோசிச்சுப் பாரும். தங்கச்சி உம்மடை ஒராளின்ரை பிரச்சினை. கொள்கை எங்கள் எல்லாற்றை பிரச்சினையும்."

நியாயமான கதை என்று பாலசுந்தரத்துக்குப் பட்டது. அதைக் கூட்டக் குறிப்பில் அழகான கையெழுத்தில் எழுதினார். அன்றிரவு கௌரி சோற்றுக் கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

வழியைக் கண்டுபிடித்தது இரண்டாவது உபகுழு. சத்தியம் செய்தவர்களுக்குத்தானே தடை? இந்த வீட்டில் சத்தியம் செய்யாத ஒரு கை இருக்கிறதே. கௌரி குசினியிலிருந்து அழைக்கப்பட்டாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணினிக்கு முன்னால் இருந்தாள். உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து கடற்கரைப் பக்கச் சுவரை நோக்கித் திரும்பி நின்றார்கள். கூட்டாகப் பார்க்காமல் இருப்பதில் அந்த மன்றத்துக்கு நல்ல பயிற்சி இருந்தது.

சுவரைப் பார்த்தபடியே கிளெமென்ற், "பாவமெல்லாம் உங்களுக்கு, கௌரி அக்கா. படம் எங்களுக்கு" என்றார்.

"பாவம் வைக்கவும் இஞ்சை இடமில்லை, தம்பி. குசினி அலுமாரியும் நிரம்பிப்போச்சு" என்றாள் கௌரி. கோப்பைப் பிரதிசெய்து கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அட்டை எழும்பியது. இனி டிஷ்ஷின் சைகையைத் தேடவேண்டும். தேடல் கட்டளை வழிமொழியப்பட்டுக்கொண்டிருந்த நேரம்தான் கதவைத் தட்டினார்கள். பொலிஸ். யார் யார் வீட்டில் தங்குகிறார்கள் என்று பார்க்கும் வழமையான சோதனை. வீட்டில் தங்குபவர்கள் இரண்டு பேர் என்று பதிந்திருக்க, ஒரு குத்துவிளக்கைச் சுற்றி ஒன்பது தமிழர், வயிறு திறந்த கணினி ஒன்றோடு இருந்தார்கள். சுவரில் மூன்று மொழியிலும் மன்றத்தின் பெயர்ப்பதாகை. வந்த அதிகாரி அதைச் சிங்களத்தில் வாசித்து, "மொன நிதஹஸத?" என்று கேட்டார். என்ன சுதந்திரம்?

எல்லோருடைய கையும் அடையாள அட்டைக்குப் போனது. தலைவர் சிவபாதசுந்தரம் மட்டும் எழுந்து, தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மனித அறிவின் பொதுவுடைமையில் தொடங்கி, பெருங் கம்பனிகளின் ஏகபோகம் வழியாக, அட்டையின் கோப்புப் பற்றிய உபகுழு அறிக்கை வரைக்கும் வந்தார். அதிகாரி நல்ல மனிதர். கதிரையொன்றில் இருந்து முழுவதையும் கேட்டார். கௌரி கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார். முடிவில் பாலசுந்தரத்தைப் பார்த்து, "வின்டோஸ் தாகன்ன பெரித, மஹத்தயா?" என்றார். ஏன், வின்டோஸ் போட முடியாதா?

இத்தனை வாரத்தில் அந்த அறையில் பேசப்பட்ட புத்தியான வார்த்தை அது ஒன்றுதான். பாலசுந்தரத்துக்கு அது அப்போதே தெரிந்தது. ஆனாலும் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பே, சேர்" என்றார். முடியாது.

போகும்போது அதிகாரி வாசலில் நின்று, மேல்மாடியில் இருக்கும் அந்த டிஷ் ரயில் பாதைக் காவலரணில் நிற்கும் ஆமிப் பொடியன்களின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லதுக்குத்தான் சொன்னார். எல்லோரும் போன பிறகு பாலசுந்தரம் மேலே ஏறிப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த தகரம் ஒன்றை எடுத்து டிஷ்ஷின் முகத்தில் சாத்தி, காற்றுக்கு விழாதபடி கம்பியால் கட்டிவிட்டு வந்தார்.

அதன் பின் நடந்த ஆராய்ச்சிகளை விவரிக்க இடம் போதாது. தேடினால் சைகை இல்லை. ட்ரைவரில்தான் குற்றம் என்று விசாரணைக் குழு தீர்மானித்தது. ட்ரைவரை அழித்துப் புதிதாகக் கட்டினார்கள். மறுபடியும் அழித்துக் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பொருளாளர் நித்திரையால் எழுப்பப்பட்டார். ஒவ்வொரு முறையும் பாலசுந்தரம் கடவுச்சொல்லை விசுவாசமாக மறந்தார். கடைசியில் ஒருநாள் கிளெமென்ற் சிகரட் பிடிக்க மேல்மாடிக்குப் போனவர் உடனே இறங்கி வந்தார்.

"பாலா அண்ணை, உங்கடை டிஷ்ஷுக்கு ஆரோ சட்டி மூடுற மாதிரித் தகரம் கட்டியிருக்கினம்."

அலைதானே, தகரத்தை ஊடுருவி வந்துவிடும் என்று பாலசுந்தரம் நினைத்திருந்தார். பௌதிகவியலில் அவர் சாதாரண தரப் பரீட்சையில் திறமைச் சித்தி. தகரத்தை எடுத்ததும் திரையில் ஒரு பெண் சமையல் எண்ணெய்யைப் புகழ்ந்துகொண்டு தோன்றினாள். ட்ரைவரைத் திரும்பக் கட்டியதன் பலனாகவே படம் வந்தது என்று விசாரணைக் குழு அறிக்கையை நிறைவு செய்தது. செய்தி நேரம் அன்றைக்குக் கடந்திருந்தது.

மறுநாள் காலை ரொறன்ரோவிலிருந்து மச்சினி கூப்பிட்டார். அந்தப் படம் இன்றோடு முடிகிறதாம், நாளைக்குப் புதுப் படமாம், நேற்று அறிவித்தார்களாம்.

கணினி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ட்ரைவரைக் கையால் ஏற்றவேண்டியிருந்தது. அதற்குக் கடவுச்சொல் வேண்டும். பாலசுந்தரம் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். ஓர் எழுத்துக்கூட வரவில்லை. ஒப்பமிட்டுக் கொடுத்த வாக்கை இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றிய மனிதர் அந்த நாட்டில் அந்த நேரம் வேறு ஒருவரும் இருந்திருக்கமாட்டார். தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். தலைவர் மகிழ்ந்தார். மன்றம் ஏற்றிய முதல் ட்ரைவர், முதல் ஒளிபரப்பு, இதை விசேட பொதுக்கூட்டமாகத்தான் செய்யவேண்டும். இன்று மாலையே. நிகழ்ச்சிநிரலைச் செயலாளர் தயாரிக்கட்டும்.

செயலாளர் தயாரித்தார். செய்தி அரை மணித்தியாலம். சனங்களின் படம் அதன் முடிவில். ஆகவே விளக்கேற்றல், தலைமையுரை எல்லாவற்றையும் செய்தி ஓடும்போதே முடித்துவிட்டால், படம் வரும் நேரம் ஒரு தடங்கலும் இராது என்பது அவர் போட்ட கணக்கு. பார்க்கப்போகும் படத்தின் தன்மையை எண்ணி மௌனப் பிரார்த்தனை ஒன்றும் சேர்க்கும்படி தலைவர் சொல்லியிருந்தார். அதையும் தலைமையுரைக்குப் பின்னால், செய்திக்குள்ளேயே அடங்கும்படி வைத்தார். நிரலைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அட்டையில் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, பதிவோம் என்று கிளெமென்ற் சொன்னார். அடுத்த சோதனையில் கணினிக்குள் வன்னிப் படம் கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணி, வேண்டாம் என்றவரும் பாலசுந்தரமே.

மாலையில் எல்லோரும் வந்தார்கள். கடவுச்சொல்லின் இரண்டு பாதிகளும் வந்தன. அலைவரிசை வந்தது. செய்தி வாசிப்பவர் தோன்றினார். அவருடைய குரல் தலைமையுரைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று தலைவர் சைகை காட்ட, செயலாளர் சத்தத்தைக் குறைத்தார். முற்றாகவே குறைத்தார்.

தலைமையுரை வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடிந்தது. "இப்ப எல்லாரும் எழும்பி நிண்டு, உயிர் நீத்த அனைவருக்காகவும் இரண்டு நிமிடம் கண்ணை மூடிப் பிரார்த்திப்பம்" என்றார் தலைவர். யாரோ அசைந்தார்கள். தலைவர் அவசரமாகத் தொடர்ந்தார். "அனைவரும் எண்டால், அனைவரும். ஆர் கையால எண்டு நான் சொல்ல வரேல்லை. நோயால, முதுமையால, வீதி விபத்தால போனவையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. ஒருத்தரையும் விசேஷமா நினைக்கவேண்டாம்."

ஒன்பது பேரும் எழுந்து நின்று கண்ணை மூடினார்கள்.

ஒருவரையும் விசேஷமாக நினைக்கவேண்டாம் என்று சொன்ன பிறகு பாலசுந்தரத்துக்கு ஒருத்தியின் முகம்தான் வந்தது. இந்தப் பிரார்த்தனையில் அவளைச் சேர்ப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. சேர்த்தார். உடனே பயந்து எடுத்தார். கீழே ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்தும் ஒருவரும் அசையவில்லை.

கௌரி தேத்தண்ணித் தட்டத்தோடு குசினி வாசலுக்கு வந்தாள். அவள் உறுப்பினர் அல்ல. கையிரண்டிலும் தட்டம். கண்ணை மூடினால் சுடுதண்ணி சிந்தும்.

"இஞ்சேருங்கோ" என்றாள் மெதுவாக.

தலைவர் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார்.

"இஞ்சேருங்கோ, அருந்ததி மச்சாள்."

பாலசுந்தரத்தின் காதில் அது விழுந்தது. விழுந்த பின்னும், இத்தனை வருடக் கூட்டங்களில் பழகிய உடம்பு, தலைவர் முடித்துவைக்கட்டும் என்று ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்துக்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார். திரையில் கல்யாணப் பெண் ஒருத்தி நகைக்கடைச் சங்கிலி தெரியும்படி கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் என்பதாலோ என்னவோ, அன்றைக்கு மட்டும் சனங்களின் படத்தைச் செய்தியின் நடுவிலேயே போட்டு முடித்துவிட்டார்கள்.

"அவள்தானோ?" என்று கேட்டார்.

"அவதான். நல்லா மெலிஞ்சு போனா. ஒரு தகரப் பெட்டி, இடுப்பிலை வைச்சிருக்கிறா. நடக்கேக்கை ஒரு தோளைச் சரிக்கிறது, உங்களைப் போலை."

"எந்தப் பக்கம் போறாள்?"

"போகேல்லை. வந்தவ" என்றாள் கௌரி. "நேர இஞ்சை பாத்துக்கொண்டுதான் வந்தவ. நீங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டியள்."

"ஒழுங்கு, ஒழுங்கு" என்றார் தலைவர். இரண்டு நிமிடம் நிறைவடைந்ததாக அறிவித்து, எல்லோரையும் அமரச் சொல்லிவிட்டு, நிரலைப் பார்த்தார். "அடுத்தது நன்றியுரை. செயலாளர் பாலசுந்தரம் அவர்கள்."

கிளெமென்ற் மட்டும் கௌரியையும் பாலசுந்தரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கௌரி தட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு, திரைக்கு முன்னால் போய்ச் சப்பணம் கட்டி இருந்தாள். இன்னொருமுறை போட்டாலும் போடுவார்கள்.

பாலசுந்தரம் எழுந்தார். அவர் தங்கை உயிரோடு இருக்கிறாள். அதை எவரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நிரலில் அதற்கு இடமில்லை. அவர் நன்றி சொன்னார். மங்கள விளக்கேற்றியவர்களுக்கு, தேவாரம் இசைத்தவருக்கு, டிஷ் தந்துதவிய உபதலைவருக்கு, நித்திரை குழம்பிய பொருளாளருக்கு, இரண்டு உபகுழுக்களுக்கும் ஒரு விசாரணைக் குழுவுக்கும். ஒரு பெயரும் தவறவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் திரையில் ஏதோ மாறும்போதெல்லாம் சுவரில் வெளிச்சம் மாறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருப்பவர் சபைக்கு முதுகு காட்டக்கூடாது.

கடைசியாகத் தலைவருக்கு நன்றி சொல்லும் இடத்துக்கு வந்தார். அங்கே பெயர் பாதியில் நின்றது. இரண்டாம் முறையும் முயன்றார், கண்ணீர்தான் வந்தது. சபை நெகிழ்ந்துபோய் இருந்தது. இவ்வளவு கால மன்ற வாழ்க்கையில் தனக்கு இப்படி மனம் உருகி ஒருவரும் நன்றி சொன்னதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, தலைவர் சிவபாதசுந்தரம் லேஞ்சியை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்தார்.